பயிற்சிக்கு வரும் மாணவரிடம் வேரைக் காட்டுங்கள்!

ஏப்ரல் பிறந்துவிட்டால் மேட்டுப்பாளையத்தில் இருந்து மலையேறும் பேருந்துகளில் சுற்றுலாப் பயணிகளோடு இன்னொரு கூட்டமும் ஏறும். தோளில் பை, கையில் குறிப்பேடு, முகத்தில் கொஞ்சம் பயம். கோடை விடுமுறையில் மலைக் கிராமத்தில் தங்கிக் களப்பயிற்சி பெற வரும் வேளாண், தோட்டக்கலை மாணவர்கள்தான் அவர்கள். இந்தக் கோடையில் உங்கள் தோட்டத்துக்கும் ஒருவர் வரலாம். அவரிடம் எந்த வேலையைக் கொடுப்பது, அவர் சொல்வதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்று நீங்கள் யோசிக்கலாம். ஒரு காலத்தில் அப்படி வந்து, தவறான யோசனை சொல்லிவிட்டுத் திரும்பியவன் நான். அதனால் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

சமவெளிக் கண்ணோடு வந்தேன்

நான் பிறந்தது காவிரி டெல்டாவில். நெல்லும் உளுந்தும்தான் பழக்கம். மூன்றாம் ஆண்டுப் படிப்பு முடிந்த கோடையில் உதகைக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியில் இரண்டு மாதம் தங்கினேன். உருளைக்கிழங்கு விவசாயி ஒருவர் தம் வீட்டின் முன்னறையை எனக்குக் கொடுத்தார்.

முதல் வாரம் எல்லாமே புதிதாக இருந்தது. கோடைக்கு எதற்குக் கம்பளி என்று ஒரே ஒரு ஸ்வெட்டரோடு போயிருந்தேன். இரவில் தூக்கம் வரவில்லை. 2,200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வெப்பத்திலேயே கொதித்துவிடும் என்பதால் அடுப்பில் பருப்பு வேகவே நேரமானது. குளிரில் தொழு உரம் மக்குவதும் அப்படித்தான், சமவெளியைவிட அதிக நாள் பிடிக்கும். மண்ணோ புளிப்பு மண். போடும் மணிச்சத்தில் பெரும்பகுதியை மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் மலைப்பகுதி உருளைக்குத் தழைச்சத்தைவிட மணிச்சத்து அதிகமாகப் பரிந்துரைக்கப்படுகிறது. இதையெல்லாம் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் தோட்டத்தில் நின்றபோது என் கண் டெல்டாக் கண்ணாகவே இருந்தது.

யூரியாவில் தீராத மஞ்சள்

பிப்ரவரி கடைசியில் நட்ட நீர்போக உருளை, குஃப்ரி ஜோதி ரகம். நான் போனபோது மண் அணைத்து முடித்திருந்தார்கள். நடுப்படியில் ஓர் அறை அளவுக்குப் பயிர் மஞ்சளாக, குட்டையாக நின்றது. மண் ஈரமாக இருந்தும் உச்சி வெயிலில் இலைகள் வாடின.

"என்ன தம்பி இது?" என்றார் அவர்.

"தழைச்சத்துக் குறைவுங்கண்ணா. கொஞ்சம் யூரியா மேலுரமாப் போட்டா பத்து நாள்ல பச்சை கட்டிடும்" என்றேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

படித்த பிள்ளை சொல்கிறதென்று அந்தப் படி முழுக்கப் போட்டார். இரண்டு வாரம் போனது. சுற்றிலும் நன்றாக இருந்த செடிகள் இன்னும் கரும்பச்சை ஆயின. மஞ்சள் திட்டு அப்படியே நின்றது.

அதன் பிறகு வட்டாரத் தோட்டக்கலை அலுவலர் ஒருவர் வந்தார். அவர் முதலில் செடியைத் தொடவில்லை, ஒரு கேள்வி கேட்டார். "இந்தத் திட்டு போன வருஷம் எவ்வளவு இருந்தது?"

"ஒரு கட்டில் அளவுங்க. இப்போ கீழ்ப்பக்கமா நீண்டிருக்கு."

இதை நான் கேட்டிருக்க வேண்டும். உரக் குறைவாக இருந்தால் ஆண்டுக்கு ஆண்டு, தண்ணீர் ஓடும் திசையில் ஏன் நீள்கிறது?

அவர் மண்வெட்டியால் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசி, லென்ஸை என்னிடம் கொடுத்தார். சல்லி வேர்களில் குண்டூசித் தலையைவிடச் சிறிய உருண்டைகள், சில வெள்ளை, சில பொன்னிறம். முட்டைக்கூடு நூற்புழு. நோய் வேரில் இருந்தது. நான் இலையை மட்டும் பார்த்திருந்தேன்.

பிறகு என் காலைப் பார்த்தார். "தம்பி, இதே ஷூவோட எத்தனை தோட்டம் போனீங்க?"

பதினொரு தோட்டம். தினமும் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த மண்ணில் ஒரு பிடியாவது என் காலோடு போய் யார் தோட்டத்திலாவது விழுந்திருக்குமா என்று இன்றும் நினைப்பதுண்டு.

இன்னொன்றும் அன்று தெரிந்தது. அந்தப் படியின் கிழங்கைக் கடைபோகத்துக்கு விதையாக எடுத்து, பாதியைத் தம் மச்சான் தோட்டத்துக்குக் கொடுப்பதாக அவர் வீட்டில் பேச்சு. அலுவலர் இரண்டு மாதம் தாமதித்து வந்திருந்தால் புழுவும் மூட்டையேறிப் போயிருக்கும்.

இந்தப் புழுவைப் பற்றி

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் உருளையோடு பிறந்த புழு இது. நம் நாட்டில் 1961-ல், உதகைப் பகுதியில்தான் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. கண்டறிந்தவர் இங்கிலாந்தின் நூற்புழு ஆய்வாளர் எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ். கொடைக்கானல் மலையிலும் இது இருக்கிறது.

பெண் புழு செத்த பிறகு அதன் உடலே கெட்டியான கூடாகிவிடும். ஒரு கூட்டுக்குள் சில நூறு முட்டைகள் இருக்கும். உருளை நடாவிட்டாலும் அவற்றில் ஒரு பகுதி இருபது ஆண்டுவரை மண்ணில் உயிரோடு கிடக்கும். உருளை வேரின் கசிவு பட்டதும் குஞ்சுகள் வெளியே வரும். புழு தானாக நகரும் தூரம் மிகக் குறைவு. அதைச் சுமந்து போவது விதைக்கிழங்கில் ஒட்டிய மண், சாக்கு, மண்வெட்டி, டிராக்டர் டயர், ஓடும் மழைநீர், அப்புறம் நம் கால்கள்.

மாணவர் வந்தால் கொடுக்க வேண்டிய வேலைகள்

1. திட்டு வரைபடம்: உங்கள் தோட்டத்தைப் படிப்படியாக வரையச் சொல்லுங்கள். எங்கே மஞ்சள் திட்டு, போன ஆண்டு எவ்வளவு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, மூன்று ஆண்டாக என்ன பயிர் என்பதை நீங்கள் சொல்லுங்கள், அவர் குறிக்கட்டும். அடுத்த ஆண்டு வரும் மாணவருக்கு அதையே காட்டுங்கள்.

2. வேர் பார்த்தல்: நட்ட 55 முதல் 65 நாளில், பூக்கும் சமயத்தில், திட்டின் ஓரத்துச் செடிகள் சிலவற்றைப் பெயர்த்துப் பாருங்கள். செடியைப் பிடித்து இழுத்தால் சல்லி வேர் மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். மண்வெட்டி வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

3. மண் மாதிரி: அறுவடைக்குப் பின், அடுத்த நடவுக்கு முன், ஒவ்வொரு படியிலும் பல இடங்களில் வேர் ஆழத்து மண்ணை எடுத்துக் கலந்து, படிக்கு ஒரு பையாகத் தனித்தனியே பெயரிட்டு அனுப்புங்கள். நீலகிரி விவசாயிகள் உதகை முத்தோரையில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம்.

4. கால் கழுவுதல்: தோட்டத்து வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் பிரஷ்ஷும் வையுங்கள். மாணவரோ, அதிகாரியோ, வியாபாரியோ, போகும்போது மண்ணை அங்கேயே கழுவிவிட்டுப் போகட்டும். மரியாதைக் குறைவு என்று யாரும் நினைக்க மாட்டார்கள். திட்டுள்ள படியில் கடைசியாக வேலை செய்யுங்கள்.

5. விதை: திட்டு கண்ட தோட்டத்துக் கிழங்கைச் சந்தைக்கு அனுப்பலாம்; விதைக்கு வைக்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள்.

மூன்று ஆண்டு உருளை இல்லாமலா?

பாதித்த படியில் மூன்று, நான்கு ஆண்டு உருளை வேண்டாம் என்று அலுவலர் சொன்னபோது அந்த விவசாயி கேட்டார்: "உருளை இல்லாம கடனை எப்படிங்க கட்டறது?" நியாயமான கேள்வி. முழுத் தோட்டத்தையும் மாற்ற வேண்டியதில்லை. படிகளை மூன்று, நான்கு பங்காகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பங்கில் மட்டும் உருளை வைத்தால் வருமானம் ஒரேயடியாக நிற்காது. பாதித்த பங்கில் கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட், முள்ளங்கி, பீன்ஸ், பூண்டு நடலாம். தக்காளியும் கத்தரியும் உருளையின் உறவு, புழுவுக்கு இரை, ஆகவே கூடாது. போன பயிரில் விட்டுப்போய்த் தானாக முளைக்கும் உருளைச் செடிகளையும் பிடுங்கிவிட வேண்டும். ஒரு செடி நின்றாலும் புழு அதில் பெருகும்.

குஃப்ரி ஸ்வர்ணா போன்ற எதிர்ப்புத் திறன் கொண்ட ரகங்கள் உதவும். ஆனால் நம் மலைகளில் இந்தப் புழுவில் இரண்டு இனங்கள் உண்டு. எனவே ரகத்தை மட்டும் நம்பாமல் பயிர் சுழற்சியோடு சேர்த்துப் பயன்படுத்துங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்

உங்கள் வட்டாரத்துக்கு மாணவர்கள் வந்தால், முதல் இரண்டு வாரம் எந்தப் பரிந்துரையும் சொல்லக் கூடாது, கேள்வி மட்டுமே கேட்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். எப்போதிருந்து, எங்கிருந்து, எந்தத் திசையில் என்ற மூன்று கேள்விகள் போதும். அவர்கள் சொல்ல வரும் யோசனையை முதலில் உங்களிடம் சொல்லட்டும். என்னை அப்படி யாராவது நிறுத்தியிருந்தால் ஒருவர் வீண் செலவு செய்திருக்க மாட்டார்.

விவசாயிகளே, மாணவர் சொல்வதில் சந்தேகம் இருந்தால் கேட்டுவிடுங்கள். அந்த அண்ணனுக்கு அன்றே சந்தேகம் இருந்ததாம். படித்த பிள்ளை வருத்தப்படுமே என்று சொல்லவில்லையாம். ஊர் திரும்பும் நாளில் பேருந்து நிறுத்தத்தில் வைத்துத்தான் சொன்னார். அடுத்த ஆண்டு அவரிடம் இருந்து ஒரு கடிதம் வந்தது. நடுப்படியில் கேரட் போட்டிருப்பதாகவும், மச்சான் தோட்டத்துக்கு விதையை வெளியில் வாங்கியதாகவும் எழுதியிருந்தார். கடைசி வரியில், இந்தக் கோடைக்கு வந்திருக்கும் மாணவருக்கு வாசலில் வாளி வைத்திருப்பதாக.