8 மேட்ச் பார்த்தேன், ஒரு பாலிசியை விட்டேன்: கிரிக்கெட் ரசிகருக்கு ஒரு சிஏ எழுதும் கணக்கு



போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "சார், வயசு 24, கையில 31,000 சம்பளம் வருது. இந்த சீசன் சேப்பாக்கத்துல நடக்கிற எல்லா ஹோம் மேட்சும் போகணும்னு ஆசை. கிரெடிட் கார்டுல போட்டு இஎம்ஐயா மாத்திக்கலாமா?"

"அதெல்லாம் வேண்டாம், அந்தக் காசை எஸ்ஐபியில போடுங்க"ன்னு ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனா அப்படிச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. 2019 கோடையில் சேப்பாக்கத்தில் நடந்த 8 மேட்சும் போனவன் நான். அதற்கு நான் கொடுத்த விலையில் டிக்கெட் காசு சின்னப் பகுதிதான். மீதியை யார் கொடுத்தாங்க என்பதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

அந்த வருஷம் ஏன் அப்படி ஒரு வெறி?

உங்களில் பலர் அப்போ பள்ளியில் இருந்திருப்பீங்க, அதனால சுருக்கமா சொல்றேன். 2016, 2017 ரெண்டு வருஷமும் சிஎஸ்கேவுக்குத் தடை. 2018ல் திரும்பி வந்தாங்க. சேப்பாக்கத்தில் ஒரே ஒரு மேட்ச் நடந்தது. காவிரிப் போராட்டம் காரணமா மிச்ச ஹோம் மேட்ச் எல்லாம் புனேவுக்குப் போயிடுச்சு. ரசிகர்களை அழைச்சிட்டுப் போக சென்னையிலிருந்து "விசில்போடு எக்ஸ்பிரஸ்" என்று ஒரு தனி ரயிலே விட்டாங்க. எனக்கு லீவு கிடைக்கலை. அந்த ரயிலை டிவியில்தான் பார்த்தேன். அந்த வருஷம் கோப்பையும் நமக்குத்தான்.

அதனால 2019 மார்ச் 23ல் ஆர்சிபியோடு முதல் மேட்ச்னு அறிவிப்பு வந்ததும், "இந்த வருஷம் ஒண்ணு விடக்கூடாது"ன்னு முடிவு பண்ணிட்டேன். அப்போ சிஏ முடிச்சு ரெண்டு வருஷம். சம்பளம் 42,000. திருவல்லிக்கேணி மேன்ஷனில் ரூம். சேப்பாக்கத்துக்கு நடந்தே போயிடலாம். பகலில் பேங்க் ஆடிட், சாயங்காலம் மஞ்சள் பனியன். ஏப்ரல் மாசம் எங்க தொழிலில் தலை நிமிர நேரம் இருக்காது. ஆனாலும் ஏப்ரல் 9ம் தேதி ஆடிட் பேப்பரை மூடி வெச்சிட்டு கேகேஆர் மேட்சுக்கு ஓடினேன். அவங்க 20 ஓவரில் 108 ரன்.

லீக்கில் 7 மேட்ச், அதில் 6 வெற்றி. மே 7ல் குவாலிஃபையர், மும்பையிடம் தோல்வி. ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள் பூட்டியே கிடந்ததால் ஃபைனல் சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்குப் போச்சு. நானும் பின்னாடியே போனேன். மே 12, ஒரே ரன்னில் தோத்தோம். திரும்பி வர்ற பஸ்ஸில் யாரும் பேசலை.

இப்போ கணக்கு

என் கார்டு ஸ்டேட்மென்ட்டை இன்னும் வெச்சிருக்கேன். அப்படியே தர்றேன்:

- 8 மேட்ச் டிக்கெட் (ஐந்து 1,300, இரண்டு 2,500, குவாலிஃபையருக்கு வெளியில் வாங்கியது 4,000): 15,500
- ஜெர்ஸி, தொப்பி: 2,300
- ஸ்டேடியத்தில் சாப்பாடு, மேட்ச் முடிஞ்சு பிரியாணி: 4,400
- ஹைதராபாத் ஃபைனல் (டிக்கெட், பஸ், ரூம்): 9,800
- நண்பர்களுக்காக நான் போட்ட டிக்கெட்: 16,000

மொத்தம் 48,000 ரூபாய்.

கடைசி வரியை மறுபடி பாருங்க. நண்பர்கள் யாரும் ஏமாத்தலை. எல்லாரும் அன்னைக்கே ஜிபே பண்ணிட்டாங்க. அந்தப் பணம் என் சேவிங்ஸ் அக்கவுன்ட்டுக்கு வந்தது. கார்டு பில் வர இன்னும் 20 நாள் இருந்தது. அக்கவுன்ட்டில் காசு இருந்ததால் "நம்மகிட்ட இருக்கு"ன்னு தோணுச்சு, செலவாயிடுச்சு. அது என் பணமே இல்லை, கார்டு கம்பெனியின் பணம். அடுத்தவங்க கணக்கில் இந்தத் தப்பைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தாங்க!

ஜூனிலிருந்து மினிமம் ட்யூ கட்ட ஆரம்பிச்சேன். அது எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. வட்டி மாசம் 3.5 சதவீதம். 48,000க்கு 1,680. அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, 302. மொத்தம் 1,982. நான் கட்டினது 2,400. அசலில் குறைஞ்சது 418 ரூபாய். இப்படியே 5 மாசம் 12,000 கட்டினேன். கடன் குறைஞ்சது சுமார் 2,270 ரூபாய்.

இதுவரைக்கும் எனக்கு வந்த நஷ்டம். இதோட முடிஞ்சிருந்தா சிரிச்சிட்டுப் போயிருக்கலாம்.

ஏற்காட்டில் ஒரு நோட்டு

எங்க ஊர் ஏற்காடு, நாகலூர் பக்கம். அப்பாவுக்கு ரெண்டு ஏக்கர் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி. காப்பிக்காரருக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் சம்பளம். நவம்பரில் பழம் பறிப்பு தொடங்கி, ஜனவரி வாக்கில் பணம் கைக்கு வரும். அடுத்த பணத்துக்கு ஒரு வருஷம் காத்திருக்கணும்.

பணம் வந்த அன்னைக்கு அப்பா ஒரு 80 பக்க நோட்டை எடுப்பார். பறிப்புக் கூலி, உரம், கவாத்து, மளிகை, எங்க ஃபீஸ். மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கும் ஒரு வரி உண்டு. அந்தத் திருவிழாவை அப்பா ஒரு வருஷம்கூட விட்டதில்லை, செலவுக்குக் கணக்கும் பார்த்ததில்லை. ஆனா ஜனவரியிலேயே அந்தக் காசு தனியா ஒதுக்கியாச்சு. அதே நோட்டில் 2015 முதல் இன்னொரு வரி: அப்பா, அம்மாவுக்கான ஹெல்த் இன்சூரன்ஸ்.

2017ல் எனக்கு வேலை கிடைச்சதும், "இனிமே பிரீமியம் நான் கட்டறேன்ப்பா"ன்னு பெருமையா வாங்கிக்கிட்டேன். அப்பா அந்த வரியை நோட்டில் அடிச்சிட்டார்.

2019ல் பிரீமியம் 21,000. கட்ட வேண்டிய தேதி ஏப்ரல் 28. எஸ்எம்எஸ் வந்தது, மெயிலும் வந்தது. வருஷ பிரீமியத்துக்கு 30 நாள் கிரேஸ் பீரியட் உண்டுன்னு எனக்குத் தெரியும். அந்த அறிவுதான் என்னைக் கவிழ்த்தது. "மே சம்பளத்தில் கட்டிக்கலாம்." மே 1 டெல்லி மேட்ச், மே 7 குவாலிஃபையர், மே 12 ஹைதராபாத். அம்மா போன் பண்ணி, "பூ மழை நல்லா பேஞ்சிருக்கு சாமி, தோட்டமே வெள்ளையா இருக்கு, ஒரு நடை வந்துட்டுப் போ"ன்னு சொன்னாங்க. அந்தக் கோடையில் ஒரு தடவைகூட ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறலை.

ஞாபகம் வந்தப்போ ஜூன் பாதி தாண்டிடுச்சு. "பாலிசி லேப்ஸ் ஆயிடுச்சு, புதுசா எடுக்கணும்"னு சொல்லிட்டாங்க. அவங்க மேல தப்பில்லை, விதி அதுதான். புதுசா எடுத்தா என்ன? காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கும். அப்பாவுக்கு ஏற்கெனவே பிபி, சுகர். பழைய பாலிசியில் அதுக்கு 4 வருஷக் காத்திருப்பு, அது முடிஞ்சதே அந்த ஏப்ரல் மாசம்தான். நாலு வருஷம் காத்திருந்து கதவு திறந்த அன்னைக்கு, நான் சாவியைத் தொலைச்சிட்டேன்.

ஜூலையில் புது பாலிசி எடுத்தேன். நவம்பரில், பழம் பறிப்பு நடந்துட்டு இருக்கும்போது, அப்பாவுக்கு நெஞ்சு வலி. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துக்குக் கொண்டு வந்தாங்க. ஸ்டென்ட் வெச்சாங்க. பில் 1,90,000. ஏற்கெனவே இருந்த பிபியோடு சம்பந்தப்பட்டதுன்னு கிளெய்ம் தள்ளுபடி ஆச்சு.

என் அக்கவுன்ட்டில் அன்னைக்கு இருந்தது 6,000 சொச்சம். கார்டு கடன் 45,000க்கு மேல. பில்லைக் கட்டியது பறிப்புக் கூலிக்கு அப்பா ஒதுக்கி வெச்சிருந்த பணமும், அடகுக்குப் போன அம்மாவின் சங்கிலியும். அந்தச் சங்கிலியை மீட்க எனக்கு 2021 ஜனவரி ஆச்சு.

அப்பா ஒரு வார்த்தை திட்டலை. டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும், "அந்த வரியை நானே எழுதியிருக்கலாம்"னு மட்டும் சொன்னார். அதைவிட அவர் நாலு அறை அறைஞ்சிருக்கலாம்.

அப்போ மேட்சே போகக்கூடாதா?

போகணும். நான் இன்னும் போறேன். 22, 25 வயசில் நண்பர்களோட கத்துற கத்தலை 50 வயசில் ரிட்டர்னாக வாங்க முடியாது. ரசிகனா இருக்கிறது தப்பில்லை. அந்தச் செலவுக்கு நோட்டில் ஒரு வரி இல்லாததுதான் தப்பு. திருவிழாவுக்கு அப்பா செஞ்சதை ஐபிஎல்லுக்கு நாம செய்யணும், அவ்வளவுதான். நான் கடைப்பிடிக்கும் 5 விதிகள் இதோ:

1. கட்ட வேண்டிய தேதிகள் முதலில், மேட்ச் அட்டவணை அப்புறம். மார்ச், ஏப்ரல், மே மூணு மாசத்தில் வரும் பிரீமியம், ஃபீஸ், இஎம்ஐ எல்லாத்தையும் எழுதுங்க. அந்தத் தொகையை எடுத்து வெச்ச பிறகுதான் டிக்கெட் சைட்டைத் திறக்கணும். ஹெல்த் பிரீமியத்துக்கு ஆட்டோ டெபிட் போட்டுடுங்க. கிரேஸ் பீரியட் ஆபத்துக்கு உதவும் கயிறு, அதில் ஊஞ்சல் ஆடாதீங்க.

2. சீசன் ஆர்டி. ஜூனிலிருந்து மார்ச் வரை 10 மாசம், மாசம் 1,500. கையில் 15,000 வரும். அந்தத் தொகைக்குள் எத்தனை மேட்ச் அடங்குதோ அத்தனை. மூணு மேட்ச் அடங்கினா மூணு. எந்த மூணுன்னு தேர்ந்தெடுக்கிறதும் ஒரு சுகம்தான்.

3. ஒரு மேட்சின் முழு விலையைப் போடுங்க. டிக்கெட் விலை மட்டும் விலை இல்லை. சேலத்திலிருந்து வர்றவர்னா ரயில், சாப்பாடு, லீவு எல்லாம் சேரும். ராத்திரி மேட்ச் முடிய 11 மணி தாண்டிடும், அன்னைக்கே ஊர் திரும்புறது கஷ்டம். ரூம் வாடகையையும் சேர்த்துப் போடுங்க.

4. நண்பர்கள் ஜிபே பண்ணின உடனே கார்டுக்குக் கட்டுங்க. பில் வரட்டும்னு காத்திருக்க வேண்டாம். அன்னைக்கே, அதே நிமிஷம்.

5. பிளாக்கில் வாங்காதீங்க. 4,000 கொடுத்து நான் பார்த்தது தோத்த மேட்சைத்தான்!

பட்ஜெட் பத்தலையா? உள்ளூர் கிரிக்கெட்டையும் பாருங்க. சேலம் பக்கம் வாழப்பாடியில் 2020ல் திறந்த மைதானத்தில் 2022லிருந்து டிஎன்பிஎல் மேட்ச் நடந்திருக்கு. ஏற்காட்டிலிருந்து காலையில் இறங்கினா ராத்திரி வீட்டுக்கு வந்திடலாம். சின்னப்பம்பட்டி நடராஜன் வெளியே தெரிய ஆரம்பிச்சது 2016ல், இதே டிஎன்பிஎல்லில்தான். அடுத்த நடராஜனை நீங்க முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம்.

ஒரே கூட்டம், ரெண்டு முடிவு

2025 செப்டம்பர் 3ல் நடந்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் ரெண்டு முடிவு எடுத்தாங்க. ஐபிஎல் டிக்கெட்டுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 40. தனிநபர் ஹெல்த் இன்சூரன்ஸுக்கு 18 சதவீதத்திலிருந்து பூஜ்யம். ரெண்டுமே செப்டம்பர் 22லிருந்து அமல். அடிப்படை விலை 1,000 ரூபாய் டிக்கெட் முன்னாடி 1,280 ஆனது, இப்போ 1,400. அதே நேரம் 21,000 அடிப்படை பிரீமியத்துக்கு நீங்க கட்ட வேண்டியிருந்த 3,780 வரி இப்போ இல்லை. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பையும் 2024லிருந்து அதிகபட்சம் 3 வருஷமாகக் குறைச்சிருக்காங்க. அப்பா, அம்மாவுக்கு பாலிசி எடுக்க "அப்புறம் பார்க்கலாம்"னு சொல்றவங்களுக்கு இனி சாக்கு இல்லை.

கடைசியா ஒண்ணு

2023 ஏப்ரல் 3. நாலு வருஷம் கழிச்சு சேப்பாக்கத்தில் சிஎஸ்கே மேட்ச். 1,500 ரூபாய் டிக்கெட் ரெண்டு, ஆர்டி காசில் வாங்கினேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு அப்பாவுக்கு. அதுவரை டிவியிலேயே பார்த்தவர். கடைசி ஓவரில் மார்க் வுட் பந்தில் தோனி அடுத்தடுத்து ரெண்டு சிக்ஸர் அடிச்சப்போ, ஸ்டென்ட் வெச்ச மனுஷன் எழுந்து நின்னு கத்தினார். எனக்குத்தான் பயமா இருந்தது. லக்னோவை 12 ரன்னில் ஜெயிச்சோம்.

வெளியே வந்து வாலாஜா ரோட்டில் நடக்கும்போது மெதுவா கேட்டார்: "இதுக்கு நோட்டுல வரி எழுதிட்டியா கண்ணு?"

"எழுதிட்டேன்ப்பா. பிரீமியத்துக்கு அடுத்த வரி."

"அப்ப சரி. அடுத்த வருஷமும் போலாம்"னார்.

கேள்வி கேட்ட தம்பி, உங்களுக்கான பதில் இதுதான்: போங்க, ஆனா கார்டில் வேண்டாம். இந்த வாரக் கடைசிக்குள்ள உங்க வீட்டுப் பாலிசியின் ரின்யூவல் தேதியைத் தேடி எடுங்க. அதை எழுதின பக்கத்திலேயே அடுத்த வரியில் உங்க மேட்ச் பட்ஜெட்டையும் எழுதுங்க. வீடியோவில் அந்த ஷீட்டை எப்படிப் போடுறதுன்னு காட்டுறேன்.

விசில் போடுங்க, அதுக்கு முன்னாடி பிரீமியத்தைப் போடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!