டிசிஜி கட்டளை ஆவணம்

டிசிஜி கட்டளை ஆவணம் என்பது கியூஎமு எமுலேட்டரின் நிரல் ஆக்கி பயன்படுத்தும் கீழ்நிலைக் கட்டளைகளை விளக்கும் தொழில்நுட்ப ஆவணம் ஆகும். டிசிஜி என்பது 'டைனி கோட் ஜெனரேட்டர்' என்பதன் சுருக்கம்.

பின்னணி

ஒரு செயலிக்காக எழுதப்பட்ட நிரலை வேறு வகைச் செயலியில் இயக்க உதவும் திறமூல மென்பொருள் கியூஎமு. இதனை ஃபாப்ரிஸ் பெல்லார்ட் உருவாக்கினார். 2008இல் இதில் டிசிஜி சேர்க்கப்பட்டது. டிசிஜியின் முன்பகுதி, மூலச் செயலியின் கட்டளைகளைப் பொதுவான இடைநிலைக் கட்டளைகளாக மாற்றுகிறது. பின்பகுதி அவற்றை, நிரல் உண்மையில் இயங்கும் இலக்குச் செயலியின் கட்டளைகளாக மாற்றுகிறது.

இவ்விரு பகுதிகளையும் பெரும்பாலும் வெவ்வேறு நிரலாளர்கள் எழுதுகின்றனர். இடைநிலைக் கட்டளை ஒவ்வொன்றும் எதை உறுதியளிக்கிறது என்பதை இரு தரப்பினருக்கும் கூறுவது இந்த ஆவணமே. எனவே இது அவர்களிடையே ஓர் ஒப்பந்தம் போன்றது. இதில் பிழை இருந்தால், எமுலேட்டர் எந்த எச்சரிக்கையும் இன்றித் தவறான விடையைத் தரக்கூடும்.

எல்லை நிலைகள்

கூட்டல், கழித்தல் போன்றவற்றை விளக்க ஒரு வரி போதும். செயலிகள் தமக்குள் வேறுபடும் இடங்களில்தான் ஆவணம் மிகத் துல்லியமாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பூச்சியத்தால் வகுத்தால் எக்ஸ்86 செயலி பிழை எழுப்பும். 64 பிட் ஆர்ம் செயலி 0 என விடை தரும். 32 பிட் எண்ணை 33 இடங்கள் இடப்பக்கம் நகர்த்தச் சொன்னால், எக்ஸ்86 அதனை 1 இடமாகக் கொள்ளும். 32 பிட் ஆர்ம் 0 தரும்.

இதற்காக ஆவணம் இரு நிலைகளைப் பிரிக்கிறது. 'வரையறுக்கப்படாத நடத்தை' உள்ள செயல் எமுலேட்டரையே முடக்கிவிடலாம். பூச்சியத்தால் வகுப்பது இவ்வகை. 'குறிப்பிடப்படாத நடத்தை' உள்ள செயல் முடக்காது, ஆனால் விடை பலவற்றுள் ஒன்றாக இருக்கலாம். எல்லை மீறிய நகர்த்தல் இவ்வகை. ஆவணத்தில் இச்சொற்கள் இடம் மாறினால், முன்பகுதியை எழுதுபவர் தேவையான பாதுகாப்புச் சோதனையை விட்டுவிடுவார்.

பைட்டு இடமாற்றக் கட்டளை

16 பிட் எண்ணின் இரு பைட்டுகளை இடம் மாற்றும் கட்டளை ஒன்று உண்டு. அதன் உள்ளீட்டின் மேல் பிட்டுகள் பூச்சியமாக இருக்கும் என்று பழைய ஆவணம் கொண்டிருந்தது. 2021இல் இக்கட்டளைக்குக் குறிக்கொடிகள் சேர்க்கப்பட்டன. உள்ளீட்டின் மேல் பிட்டுகள் பூச்சியமா, விடையின் மேல் பிட்டுகள் பூச்சியத்தால் நிரப்பப்பட வேண்டுமா, குறி பிட்டால் நிரப்பப்பட வேண்டுமா என்பதை இவை வெளிப்படையாகக் கூறுகின்றன. விடைக்கான கொடி எதுவும் இல்லையெனில், மேல் பிட்டுகளில் எந்த மதிப்பும் இருக்கலாம் என்பதையும் ஆவணம் எழுத்தில் சொல்கிறது.

துல்லியம் காத்தல்

தொடக்கத்தில் இந்த ஆவணம் நிரலின் அடைவிலேயே எளிய உரைக் கோப்பாக இருந்தது. 2023இல் இது நிரலாளர் கையேட்டுக்கு மாற்றப்பட்டது. இதனால் படிப்பது எளிதானது; ஆனால் நிரலைத் திருத்துபவரின் கண்ணில் ஆவணம் தானாகப் படும் வாய்ப்பு குறைந்தது.

இத்தகைய ஆவணங்களைக் காக்கப் பின்வரும் முறைகள் உதவும்:

• கட்டளையின் நடத்தையை மாற்றும் திருத்தத்திலேயே ஆவணத்தையும் மாற்றுதல்.
• நிரலில் உள்ள கட்டளைப் பட்டியலை ஆவணத்துடன் ஒப்பிட்டு, விடுபட்டவற்றைக் கண்டறிதல்.
• எல்லை நிலை ஒவ்வொன்றுக்கும் சோதனை எழுதுதல்.

கிரேன்லிஃப்ட் என்னும் மற்றொரு நிரல் ஆக்கியில், கட்டளையின் வரையறையுடனேயே விளக்கம் எழுதப்பட்டு, அதிலிருந்து ஆவணம் உருவாக்கப்படுகிறது. இதனால் பெயர்கள் விடுபடுவதில்லை. எனினும் விளக்கத்தின் பொருள் சரியா என்பதைத் திருத்தங்களைப் பரிசீலிப்பவரே பார்க்க வேண்டும்.