மூன்றாகப் பிரியாத கோணம்

எரியோட்டில் ஏழாம் வகுப்புக்குக் கோண இருசமவெட்டி நடத்தி முடித்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "சார், இதேபோல மூன்றாகப் பிரிக்க முடியுமா?" நான் பதில் சொல்லும் முன்பே 60° கோணம் வரைந்து, இரு கதிர்களிலும் சம தூரத்தில் புள்ளி வைத்து இணைத்தாள். அந்தக் கோட்டை மூன்று சம பங்காக்கி, புள்ளிகளை உச்சியோடு சேர்த்தாள்.

தவறு என்று சொல்லாமல் கோணமானியால் அளக்கச் சொன்னேன். ஏறத்தாழ 19°, 22°, 19° வந்தது. 120° கோணத்தில் செய்தபோது 30°, 60°, 30°. நடுப்பங்கு உச்சிக்கு அருகில் இருப்பதால் அதன் கோணம் பெரிது என்பதை அவளே கண்டுகொண்டாள்.

ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் தொடங்கியதும் இதே இடத்தில்தான். 1525-இல் வெளிவந்த அவரது வடிவியல் நூலில் உள்ள முறை இது: உச்சியை மையமாகக் கொண்டு வில் வரைக, அதன் முனைகள் க, ச. நாண் கச-வை மூன்று சம பங்காக்குக. க-வுக்கு அடுத்த புள்ளி ட. ட-வில் எழுப்பும் செங்குத்து வில்லைத் த-வில் வெட்டும். க-வை மையமாகவும் கத-வை ஆரமாகவும் கொண்ட வில், நாணைப் ப-வில் வெட்டும். டப-வை மூன்று சம பங்காக்குக. ப-வுக்கு அருகிலுள்ள புள்ளி ந. கந நீளத்தைக் கவராயத்தில் எடுத்து, க-விலிருந்து முதல் வில்லில் குறித்தால் கோணத்தின் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும்.

60° கோணத்தில் இதன் பிழை ஏறத்தாழ ஒரு விநாடி; அதாவது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு. எந்தக் கோணமானியும் இதைக் காட்டாது. ஆனாலும் இது தோராயமே.

1593-இல் பிரெஞ்சுக் கணிதர் வியெட், அளவுகோலில் குறியிட்டு நகர்த்த அனுமதித்தால் கோணத்தைச் சரியாக மூன்றாக்கலாம் என்று காட்டினார். குறியில்லாத அளவுகோலும் கவராயமும் மட்டும் என்றால் 60° கோணத்தை மூன்றாக்கவே முடியாது என்பதை வான்ட்செல் 1837-இல் நிறுவினார். அக்கருவிகள் வர்க்கமூலங்கள் வரையே செல்லும். 20° கோணமோ ஒரு முப்படிச் சமன்பாட்டில் போய் நிற்கிறது. 90° போன்ற சில கோணங்களை மட்டும் மூன்றாக்கலாம்.

இரண்டு முறைகளையும் 10 செ.மீ. ஆரத்தில் மாணவர்களை வரையச் சொல்லுங்கள். முதல் முறையின் பிழையை அளவீடு காட்டிவிடும். டியூரரின் பிழையைக் காட்டாது. "அளந்தேன், சரியாக வருகிறது" என்பது ஏன் நிரூபணம் ஆகாது என்று வகுப்பில் பேச இதைவிட நல்ல வாய்ப்பு எனக்குக் கிடைத்ததில்லை.