ஒரே குரலில் இரண்டு குச்சிகள்

சமையலறைக்குள் போய் இரண்டு மரக் கரண்டிகளை எடுத்து வாருங்கள். ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே விலைக்கு வாங்கியவையாக இருந்தால் ரொம்ப நல்லது. ஒன்றைத் தரையில் போடுங்கள். பிறகு மற்றதைப் போடுங்கள். (குழந்தை தூங்குகிற நேரமாக இருந்தால் இந்தப் பரீட்சையைச் சாயங்காலத்துக்கு ஒத்திப் போடலாம்.) இரண்டும் ஒரே மாதிரியாகவா சப்தம் செய்தன? காதைத் தீட்டிக் கொண்டு கேட்டால், ஒன்று 'டக்' என்றும் மற்றது 'டிக்' என்றும் விழுந்திருக்கும். கூட்டுக்கும் குழம்புக்கும் அதனால் ஒரு குறையும் வந்து விடாது. ஆனால் இந்தச் சின்ன வித்தியாசத்தைக் காதில் வாங்கிக் கொண்ட ஒரு மனிதர், உலகத்தில் எத்தனையோ மேளக்காரர்கள் கையில் பிடிக்கும் குச்சியையே மாற்றி விட்டார். அவர் பெயர் விக் ஃபர்த்.

அவர் தச்சரும் அல்ல, வியாபாரியும் அல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவில் வாத்தியம் வாசித்துச் சம்பளம் வாங்கிக் கொண்டிருந்தவர். மேனாட்டு ஆர்க்கெஸ்ட்ராவைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். முன் வரிசைகளில் பிடில்காரர்கள் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் குழல்காரர்கள். எல்லோருக்கும் பின்னால், மேடையின் கடைசியில், பெரிய பெரிய தாமிர அண்டாக்களைச் சுற்றிலும் வைத்துக் கொண்டு ஒருவர் நிற்பார். அந்த அண்டாக்களுக்கு வாய்ப்புறத்தில் தோல் கட்டியிருக்கும். அதுதான் டிம்பனி.

அது நமக்கு அந்நிய வாத்தியம் என்று நினைத்து விடாதீர்கள். கோயில் வாசலில் முழங்கும் நகராவுக்கு அது தூரத்து உறவுதான். அரபு நாட்டார் வைத்திருந்த நகாராவைச் சிலுவைப் போர்களுக்குப் போய் வந்தவர்கள் பெயரோடு ஐரோப்பாவுக்கு எடுத்துப் போனார்கள். பிற்காலத்தில் குதிரைப் படையோடு போன பெரிய ஜாதி நகராக்கள் மெல்ல மெல்லச் சங்கீத மேடைக்கும் வந்து சேர்ந்தன. ஒரு வித்தியாசம்: டிம்பனிக்குச் சுருதி உண்டு. காலால் ஒரு மிதியை அழுத்தினால் தோல் இறுகிச் சுருதி ஏறும்.

விக் ஃபர்த் 1952-ஆம் வருஷம் பாஸ்டன் ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று. கூட வாசித்தவர்களில் பலருக்கு அவர் பிள்ளை வயதுதான். 1956-இல் டிம்பனிக்குத் தலைவரானார். 2002-இல் ஓய்வு பெறும் வரையில், ஐம்பது வருஷம் ஒரே மேடை!

மேளக்காரருக்கு என்ன கஷ்டம், ஓங்கி ஓங்கி அடித்தால் போகிறது என்றுதான் நானும் வெகு நாள் நினைத்திருந்தேன். விஷயம் நேர்மாறானது. ஓங்கி அடிப்பது சுலபம். மெல்ல அடிப்பதுதான் பிராண சங்கடம். பீத்தோவன் 1806-இல் எழுதிய பிடில் கான்செர்ட்டோ எப்படி ஆரம்பமாகிறது தெரியுமா? சபை நிசப்தமாக இருக்கும்போது டிம்பனி தனியாக, மிகவும் மெதுவாக, நாலு தட்டுத் தட்டுகிறது. அதற்குப் பிறகுதான் குழல்கள் வந்து சேர்ந்து கொள்கின்றன. நாலே தட்டுத்தான். ஆனால் நாலும் ஒன்று போல இருக்க வேண்டும். அறுபது, எழுபது பேர் வாத்தியத்தை மடியில் வைத்துக் கொண்டு காத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சைப் பிடித்துக் கொண்டு கேட்கிறார்கள். ஒரு தட்டுச் சற்றே தடித்து விட்டால் திருப்பி எடுத்துக் கொள்ள முடியுமா?

பாஸ்டனில் இந்தச் சங்கடம் இன்னும் அதிகம். அங்கே 1900-இல் திறந்த சிம்பனி ஹாலுக்கு, ஒலி எப்படிப் பரவும் என்பதை வாலஸ் சாபைன் என்ற பௌதிக ஆசிரியர் கணக்குப் போட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கடைசி வரிசைக்கும் இரகசியம் பேசுவது போலக் கேட்கும் மண்டபம். நல்ல வாசிப்பு நன்றாகக் கேட்கும். பிசகும் நன்றாகவே கேட்கும்.

டிம்பனிக்கு இந்தக் கதி என்றால், பக்கத்தில் நிற்கும் ஸ்னேர் டிரம்காரரின் பாடு சொல்லி முடியாது. இது தட்டையான சின்ன மேளம். அடித் தோலோடு ஒட்டினாற்போலக் கம்பிச் சுருள்கள் இழுத்துக் கட்டியிருப்பதால், மேலே தட்டும்போது கீழே 'சர்'ரென்று அதிரும். ராவெல் என்ற பிரெஞ்சுக்காரர் 'பொலெரோ' என்று ஒரு கிருதி பண்ணினார். 1928-இல் பாரிஸில் அரங்கேறியது. அதில் ஸ்னேர் டிரம்காரருக்கு ஒரே ஒரு சின்னச் சொற்கட்டுத்தான். அதையே 169 தடவை வாசிக்க வேண்டும்! சுமார் கால் மணி நேரம், காலப் பிரமாணம் இம்மியும் நகராமல், எறும்பு ஊர்கிற சப்தத்தில் ஆரம்பித்து இடி முழக்கம் வரைக்கும் படிப்படியாக ஏற்றிக் கொண்டு போக வேண்டும். இந்தக் கிருதியை நினைத்தே தூக்கம் இழந்த மேளக்காரர்கள் உண்டு என்றால் நான் நம்புவேன்.

இங்கேதான் குச்சி வருகிறது. நம் தவில் வித்வானுக்கு ஒரு கையில் கழி. மறு கை விரல்களில் கூடு. வலந்தலை ஒரு குரல், தொப்பி ஒரு குரல். இரண்டும் வேறு வேறாகப் பேசுவதுதான் அங்கே அழகு. ஸ்னேர் டிரம்மில் அப்படியல்ல. ஒரே தோலில் இரண்டு குச்சிகளும் மாறி மாறி விழுகின்றன. இடது எது, வலது எது என்று கேட்பவருக்குத் தெரியக் கூடாது. ஒரு குச்சி கனமாகவும் மற்றது லேசாகவும் இருந்து விட்டால், வாசிப்பவர் எவ்வளவு பெரிய கெட்டிக்காரரானாலும் சரி, ஓட்டம் நொண்டியடிக்கும்.

1960-களின் ஆரம்பத்தில் ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்க வேண்டி வந்த சில உருப்படிகளுக்குக் கடைக் குச்சிகள் போதாது என்று ஃபர்த்துக்குப் பட்டது. வேறு யாராவது செய்து தரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. பருமனான குச்சிகளை எடுத்துக் கையாலேயே செதுக்கினார். இங்கே கொஞ்சம் இளைக்க வைப்பது, அங்கே கொஞ்சம் விட்டு வைப்பது, தட்டிப் பார்ப்பது, மறுபடி செதுக்குவது. இப்படி இரண்டு மாதிரிகள் மனசுக்குப் பிடித்த மாதிரி அமைந்ததும், அவற்றைக் கானடாவில் மாண்ட்ரீல் நகரத்தில் இருந்த ஒரு கடைசல்காரருக்கு அனுப்பி, அதே போலக் கடைந்து தரச் சொன்னார். ஒன்றுக்கு 'ஜெனரல்' என்று பெயர். மற்றதற்கு 'பொலெரோ' என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

ஒரு குச்சியில் செதுக்க அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அப்பளம் இடுகிறவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். நடுவில் பருத்து இரு முனையும் சிறுத்த குழவிக்கும், ஒரே சீராக இருக்கும் குழவிக்கும் கையில் எவ்வளவு வித்தியாசம்! மேளக் குச்சியிலும் அப்படித்தான். நுனிக்குச் சற்றுக் கீழே கழுத்துப் போல ஓர் இடம் இளைத்துக் கொண்டு வரும். அதைச் சீக்கிரமாக இளைக்க விட்டால் குச்சி வளைந்து கொடுக்கும், தோலிலிருந்து துள்ளி எழும். பருமனாகவே விட்டு வைத்தால் முன்பக்கம் கனத்து, அடி அழுத்தமாக விழும். நுனியில் மொட்டுப் போல ஒரு குமிழ். அது நீளவாட்டமாக இருந்தால், குச்சியைச் சாய்த்துப் பிடிக்கும்போது தோலில் படுகிற இடம் அதிகமாகி நாதம் மாறிப் போகும். உருண்டையாக இருந்தாலோ, எப்படிச் சாய்த்தாலும் ஒரே அளவு இடம்தான் படும், நாதமும் மாறாது. மெல்லிய வாசிப்புக்கு இந்த உருண்டைதான் உயிர்.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹிக்கரி என்ற அமெரிக்க மரம் உறுதியானது. அடியின் அதிர்ச்சியைத் தானே தாங்கிக் கொள்ளும். மேப்பிள் அதை விட லேசு. ஆகையால் கைக்கு அடக்கமான பருமனில் செய்தாலும் கனக்காது. ஃபர்த்தின் 'ஜெனரல்' குச்சி மேப்பிளில் ஆனதுதான். எந்த மரமானாலும் ஈரம் மிகுந்தால் பின்னால் கோணிக் கொள்ளும்; அளவுக்கு மேல் உலர்ந்தால் உடையும். குச்சி நேராக இருக்கிறதா என்று பார்க்க மேளக்காரர்கள் கடையிலேயே அதை மேஜை மேல் உருட்டி விடுவார்கள். தத்தித் தத்தி உருண்டால் அப்படியே வைத்து விடுவார்கள். நாம் குழவி வாங்கும்போது செய்கிற அதே காரியம்!

குச்சிகள் வந்தன. ஃபர்த் தமக்கென்று வைத்துக் கொண்டிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் பாஸ்டனில் நியூ இங்கிலாந்து சங்கீதக் கல்லூரியில் பாடமும் சொல்லிக் கொடுத்து வந்தார். குருவின் கையில் இருப்பதைச் சிஷ்யன் விட்டு வைப்பானா? எனக்கு ஒரு ஜோடி, எனக்கு ஒரு ஜோடி என்று ஆரம்பித்தார்கள். பிறகு வாத்தியக் கடைக்காரர்கள் கேட்டார்கள். 1963-இல் வீட்டு மோட்டார் ஷெட்டிலேயே வியாபாரம் தொடங்கி விட்டது. மறு வருஷம் பிப்ரவரியில் பீட்டில்ஸ் கோஷ்டியினர் அமெரிக்காவில் வந்து இறங்கினார்கள். அதற்குப் பிறகு அந்த நாட்டில் டிரம் கேட்டு வீட்டில் அமர்க்களம் பண்ணாத பையன்கள் குறைவு. தாய்மார்கள் பட்ட பாடு தனிக் கதை. குச்சி விற்றவருக்கு அது நல்ல காலம்.

தரையில் விழுந்த குச்சிகளின் சமாசாரம் இதற்குப் பிறகுதான். ஒரு நாள் ஃபர்த் கையிலிருந்து சில குச்சிகள் தவறித் தரையில் விழுந்தனவாம். அவருடைய கம்பெனியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் சொல்கிற கதை இது. வேறொருவராக இருந்தால் குனிந்து பொறுக்கியிருப்பார். இவர் ஆயுளெல்லாம் சுருதி பார்த்துப் பழகிய டிம்பனிக்காரர் ஆயிற்றே! ஒவ்வொரு குச்சியும் ஒவ்வொரு சுருதியில் விழுவது காதில் பட்டு விட்டது. அளவு ஒன்றுதான், கடைசலும் ஒன்றுதான். ஆனால் மரம் கடவுள் செய்த சரக்கு. ஒரே மரத்தில் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறு பக்கம் நெகிழ்வாகவும் இருக்கும். நெருக்கமான மரம் கனமானது. அதன் குரலும் வேறு.

அன்று முதல் குச்சிகளைத் தட்டித் தட்டிக் கேட்டு, ஒரே சுருதியில் பேசுகிற இரண்டை ஜோடி சேர்க்கும் வழக்கம் ஏற்பட்டது. எடையும் பார்த்துச் சேர்த்தார்கள். முதலில் காதால் செய்த இந்த வேலையைப் பிற்பாடு மேய்ன் மாகாணத்தில் நியூபோர்ட் என்ற ஊரில் அமைந்த தொழிற்சாலையில் கம்ப்யூட்டரைக் கொண்டு செய்தார்கள். மிகச் சரியான ஜோடி என்பதையே விளம்பர வாசகமாகவும் வைத்துக் கொண்டார்கள். நம் ஊரில் ஜாதகம் பார்ப்பவர்கள் கோபித்துக் கொள்ளக் கூடாது. இந்தப் பொருத்தம் தட்டிப் பார்த்தே நிச்சயமாகிறது.

டிம்பனிக் குச்சி இன்னொரு தினுசு. அதற்கு நுனியில் பஞ்சு உருண்டை போலக் கம்பளித் துணி சுற்றியிருக்கும். துணி தடித்தால் நாதம் மெத்தென்று வரும். மெலிந்தால் எழுத்து எழுத்தாகத் தெளிவாக வரும். பெர்லியோஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1830-லேயே இந்த இடத்துக்கு ஸ்பாஞ்சுக் குச்சி, இந்த இடத்துக்கு மரக் குச்சி என்று தம் சிம்பனியில் எழுதி வைத்து விட்டார். அது முதல் டிம்பனிக்காரர் ஒரு கத்தைக் குச்சிகளோடுதான் மேடைக்கு வர வேண்டியிருக்கிறது. இவர்களில் பலர் தாங்களே ஊசி நூல் எடுத்துத் துணியைத் தைத்துக் கொள்வார்கள் என்று அறிந்தபோது எனக்கு ஒரே ஆச்சரியம். தையல் மடிப்பு உள்ள பக்கம் தோலில் பட்டால் 'க்ளிக்' என்று ஓர் அசட்டுச் சப்தம் வரும். ஆகவே மடிப்பு எந்தப் பக்கம் என்று விரலால் தடவிப் பார்த்துப் பிடித்துக் கொள்வார்கள். ரவிக்கைத் தையல் உறுத்துகிறது என்று தையற்காரரோடு சண்டை போடுகிறவர்களுக்கு இது உடனே புரியும்.

சில சமயம் எந்தக் குச்சியும் சரிப்படாமல் போவதும் உண்டு. எல்கர் 1899-இல் இயற்றிய 'எனிக்மா' உருப்படியில் தூரத்துக் கப்பலின் இயந்திர இரைச்சலை டிம்பனியில் காட்ட வேண்டிய இடம் ஒன்று. ஸ்னேர் டிரம் குச்சியால் வாசி என்பது ஆசிரியர் எழுதியது. வாசிப்பவர்களோ சட்டைப் பையிலிருந்து இரண்டு நாணயங்களை எடுத்து, அவற்றின் விளிம்பால் தோலில் அதிர விட்டு அந்த இரைச்சலைக் கொண்டு வந்தார்கள். இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். கடைசல் பட்டறைக்கு அதில் ஒரு காசு வருமானம் இல்லை!

ஃபர்த்தின் கம்பெனி நாளடைவில் பெரிதாகி, ரோலிங் ஸ்டோன்ஸ் கோஷ்டியின் சார்லி வாட்ஸ் போன்றவர்களுக்கென்றே தனிக் குச்சிகள் செய்தது. ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் எத்தனை பேர், ஆயிரம் பேருக்கு ஒருவர் இருப்பார்களா? கனத்த விற்பனையெல்லாம் மற்றவர்களிடம்தான். ஆனாலும் அவர்களுக்குப் போன குச்சியிலும் இந்த மெல்லிய வாசிப்புக்காரரின் காதுதான் வேலை செய்தது என்று எனக்குத் தோன்றுகிறது. 2010-இல் அவருடைய கம்பெனி, 1623 முதல் பரம்பரையாகத் தாளம் வார்த்து வரும் ஜில்ட்ஜியன் குடும்பத்தாரின் கம்பெனியோடு இணைந்தது. 2015 ஜூலையில், தம் எண்பத்தைந்தாவது வயதில் ஃபர்த் காலமானார்.

இன்னொரு விஷயத்தை உங்களுக்காகவே கடைசிக்கு வைத்திருந்தேன். நல்ல மரமும் நல்ல கடைசல் இயந்திரமும் கையில் இருக்கின்றன. மேளத்துக்கு மட்டுந்தானா உழைக்க வேண்டும்? அவருடைய கம்பெனி மிளகு பொடிக்கும் மர யந்திரங்களும், மாவு தேய்க்கும் குழவிகளும் கூடச் செய்து விற்றது. குழவிகளுக்கு ஜோடி சேர்க்கும் தொல்லை மட்டும் இல்லை.