புகை அடங்கிய கரியும் பூட்டிய அறையும்

குளிர் மலைகளில் கரியடுப்பை அறைக்குள் வைப்போர் ஒரு விதியைத் தவறாமல் கடைப்பிடிக்கிறார்கள். வெளியே பற்றவைத்து, புகை முழுக்க அடங்கி, கரி செந்தணலான பிறகே உள்ளே கொண்டுவருவார்கள். ஆனால் சாவு வருவது அந்தத் தணலிலிருந்துதான். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குத் திருச்சியிலிருந்து வந்த இரு இளைஞர்கள், பார்பிக்யூ அடுப்பை அணைக்காமல் அறையில் விட்டுத் தூங்கி இறந்தார்கள். 2020 ஜனவரியில் நேபாளத்தின் தமன் ஊர் விடுதியில், கேஸ் ஹீட்டர் எரிந்த அறையில், கேரளத்துப் பயணிகள் எட்டுப் பேர் மாண்டார்கள். ஊட்டி, குன்னூர் காட்டேஜ்களிலும் வாடகை வீடுகளிலும் தேயிலைத் தோட்ட லயன்களிலும் உறைபனி மாதங்களில் இதே ஆபத்துதான்.

விறகுப் புகை கண்ணைக் கரிக்கும், இருமவைக்கும், தூங்குபவரை எழுப்பும். அதற்குக் காரணமான தாரும் பிசினும் கரியில் முன்பே போய்விட்டன. தணலின் அடியில் காற்று பட்டு உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு, மேலேறும் வழியில் கனன்ற கரியைத் தொடுகிறது. ஒரு மூலக்கூறு போய் இரண்டு கார்பன் மோனாக்சைடு பிறக்கிறது. தணல்மேல் ஓடும் மெல்லிய நீலச் சுடர் அந்த வாயு எரிவதன் அடையாளம். சுடர் நின்று தணல் நீறு பூக்கும்போது, வாயு எரியாமலே அறையில் கலக்கிறது.

பத்துக்குப் பன்னிரண்டு அறையில், ஒன்பதடி உயரத்துக்கு, சுமார் 30 கன மீட்டர் காற்று இருக்கும். அதில் 12 லிட்டர் கார்பன் மோனாக்சைடு கலந்தால் 10 லட்சத்தில் 400 பங்கு. இரண்டு மணி நேரத்துக்குள் தலைவலி வரும். மூன்று மணி நேரத்துக்குமேல் உயிருக்கே ஆபத்து. அந்த 12 லிட்டருக்கு வேண்டிய கார்பன் வெறும் 6 கிராம். அடுப்பில் கொட்டும் கரியோ கிலோக்கணக்கு.

ரத்தத்தின் ஹீமோகுளோபினை, மேட்டுப்பாளையத்தில் ஆளேற்றி வழிநெடுக இறக்கிவிடும் நான்கு இருக்கை ஜீப் எனலாம். ஏறுமிடம் நுரையீரல், இறங்குமிடங்கள் மூளை, இதயம், தசை. இருக்கைக்கான போட்டியில் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்குமேல் பலசாலி என்பது பள்ளிப் பாடம். அது ஒரு இருக்கையைப் பிடித்ததும் ஜீப்பின் குணமே மாறிவிடுவதுதான் விசேஷம். மற்ற இருக்கைகளில் உள்ள ஆக்சிஜனும் இறுகி உட்கார்ந்து, குன்னூர் வந்தாலும் இறங்க மறுக்கிறது. சோகையால் பாதி ஹீமோகுளோபினை இழந்தவர் நடமாடுவதும், இந்த வாயுவிடம் பாதியைப் பறிகொடுத்தவர் மயங்கிச் சரிவதும் இதனால்தான். கழுத்துத் தமனியில் உள்ள உணர்வு உறுப்பு, ஜீப்பில் இருப்பவர்களை எண்ணுவதில்லை; நிறுத்தத்தில் நிற்பவர்களை, அதாவது பிளாஸ்மாவில் கரைந்த ஆக்சிஜனை எண்ணுகிறது. அந்தக் கூட்டம் குறையாததால் மூச்சுத் திணறுவதில்லை. பல்ஸ் ஆக்சிமீட்டரோ சட்டை நிறத்தைப் பார்த்துத் தலையெண்ணும் செக்கர். இரண்டு பயணிகளுக்கும் ஏறக்குறைய ஒரே சிவப்புச் சட்டை; 98 என்று எழுதிக் கொடுத்துவிடும்.

இந்த இட ஆக்கிரமிப்பை 1850களில் பிரான்சின் குளோட் பெர்னார்ட் காட்டினார். ஜான் ஸ்காட் ஹால்டேன் 1890களில் இந்த வாயுவைத் தானே சுவாசித்துப் பார்த்து, சுரங்கங்களில் முன்னெச்சரிக்கைக்குக் கேனரிப் பறவையைப் பரிந்துரைத்தார். அதைக் கைவிட பிரிட்டன் முடிவெடுத்தது 1986ல்.

இன்றைய அலாரம் ஒரு சிறு மின்வேதிக் கலம். வாயு மின்முனையில் நீருடன் வினைபுரிந்து எலெக்ட்ரான்களை விடுவிக்கும். மின்னோட்டத்தின் அளவே வாயுவின் அளவு. ஆனால் வாயுவைக் கண்டவுடன் அது அலறாது. ஐரோப்பியத் தரவிதிப்படி, 10 லட்சத்தில் 50 பங்கு என்றால் 60 முதல் 90 நிமிடத்துக்குள், 100 பங்கு என்றால் 10 முதல் 40 நிமிடத்துக்குள், 300 பங்கு என்றால் 3 நிமிடத்துக்குள் ஒலிக்க வேண்டும். ரத்தத்தில் நஞ்சு சேரும் வேகத்தை ஒட்டி வைத்த கணக்கு இது. வண்ணத்திரையும் செல்போன் ஆப்பும் இதில் அலங்காரம். பார்க்க வேண்டியவை தரச்சான்றும் காலாவதி ஆண்டும். சோதனைப் பொத்தான் பெரும்பாலும் பேட்டரியையும் ஒலியையும் மட்டுமே சோதிக்கும். சாதாரணப் புகை அலாரத்துக்கு இந்த வாயு தெரியாது. அறையில் தண்ணீர்ப் பாத்திரம் வைப்பதும் வீண். இந்த வாயு நீரில் அநேகமாகக் கரையாது.

அலாரத்தை மாட்டுவது யார் பொறுப்பு? இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல், கேஸ் அடுப்பு நீங்கலாக, எரிபொருளில் இயங்கும் நிலையான சாதனம் உள்ள வசிப்பறை ஒவ்வொன்றிலும், வாடகைக்கு விடும் வீட்டு உரிமையாளர் மாட்ட வேண்டும். மீறினால் 5,000 பவுண்டு வரை அபராதம். தூக்கிவரும் கரியடுப்பு அந்தச் சட்டத்திலும் சிக்காது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, மின்கம்பி ஆகியவை உரிமையாளர் பங்கு. கீசர் பழுது குடியிருப்பவர் பங்கு. அலாரம் யார் பங்கிலும் இல்லை. 1951ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பை நிர்வாகத்தின் கடமையாக்கியது. வீடு இடிந்து தொழிலாளி இறந்தால் இழப்பீடு என்ற பிரிவும் பின்னர் சேர்ந்தது. அந்தப் பிரிவு இடிபாட்டோடு நின்றுவிட்டது.

வெள்ளைக்காரர் கட்டிய பங்களாக்களில் கணப்போடு புகைபோக்கியும் இருந்தது. பின்னால் வந்த கான்கிரீட் காட்டேஜில் அலுமினிய ஜன்னல் உண்டு, புகைபோக்கி இல்லை. ஆகவே உரிமையாளர் செய்ய வேண்டியவற்றில் அலாரம் கடைசி. கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே மாட்டுவதும், அடைத்த வென்டிலேட்டரைத் திறப்பதும், கம்பளியோ மின் ஹீட்டரோ கொடுத்துக் கரியை அறைக்குள் விடாதிருப்பதும் அதற்கு முந்தியவை.

ஓர் அறையில் எல்லோருக்கும் ஒன்றாகத் தலைவலி, குமட்டல் என்றால் கதவைத் திறந்து வெளியேறி 108ஐ அழைக்க வேண்டும். வெளிக்காற்றில் ரத்தத்திலுள்ள இந்த நஞ்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரமாகும். முகமூடி வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் குறையும். ஆக்சிமீட்டர் 98 காட்டினாலும், அறையில் கரியோ கேஸோ எரிந்ததை மருத்துவரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும்.