கோட்டுப் பையில் ஒரு துகள்

அந்தத் துகளின் அளவு, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. ஈயம், பேரியம், அலுமினியம் மூன்றும் கலந்திருந்தன. லண்டனில் ஒருவருடைய மேல்கோட்டின் உள்பையில் அது கிடைத்தது. அரசுத் தரப்பு வழக்கின் முக்கியத் தூண்களில் ஒன்றாக அது நின்றது. 2001 ஜூலையில் ஓல்டு பெய்லி நீதிமன்றம் பாரி ஜார்ஜுக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

கொலையுண்டவர் ஜில் டாண்டோ. பிபிசியின் பிரபல முகம். துலங்காத குற்றங்களுக்கு மக்களிடம் துப்புக் கேட்கும் 'கிரைம்வாட்ச்' நிகழ்ச்சியை நடத்தியவர். 1999 ஏப்ரல் 26 அன்று, பட்டப்பகலில், ஃபுல்ஹாமில் தன் வீட்டு வாசற்படியிலேயே தலையில் சுடப்பட்டார். ஒரே ஒரு தோட்டா. நாடே கொதித்தது. ஓராண்டு கழித்து, அதே வட்டாரத்தில் குடியிருந்த பாரி ஜார்ஜின் வீட்டைச் சோதனையிட்ட போலீஸார் அந்தக் கோட்டை எடுத்துச் சென்றார்கள்.

துப்பாக்கியின் விசையை இழுத்ததும் ஓர் ஊசி தோட்டாவின் அடிப்பாகத்தைத் தட்டும். அங்கே 'பிரைமர்' எனப்படும் கலவை கொஞ்சம் இருக்கும். பெரும்பாலும் ஈயம், பேரியம், ஆன்டிமனி ஆகியவற்றின் சேர்மங்கள். சில தோட்டாக்களில் அலுமினியமும் சேரும். தட்டியதும் தீப்பற்றி, கடும் வெப்பத்தில் ஆவியாகி, வெளியே வந்ததும் குளிர்ந்து நுண்ணிய உருண்டைகளாக உறையும். அவை சுட்டவர் கையிலும் சட்டையிலும் படியும், பக்கத்தில் நின்றவர் மீதும் படியும். பசை தடவிய சிறு வட்டைக் கையிலும் துணியிலும் ஒற்றியெடுத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, ஒவ்வொரு துகளிலும் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று பார்க்கிறார்கள்.

இந்த நுண்ணோக்கி பொய் சொல்வதில்லை. துகளின் வடிவத்தையும் அதிலுள்ள தனிமங்களையும் துல்லியமாகச் சொல்லிவிடும். அது எந்த வழியாக அங்கே வந்தது என்று மட்டும் அதனால் சொல்ல முடியாது. கோலமாவு தொட்ட கை தொட்ட இடமெல்லாம் மாவை விட்டுச் செல்வதுபோல, இந்தத் துகள்களும் கைக்குக் கை, துணிக்குத் துணி தாவும். கையைக் கழுவினால் போச்சு. சும்மா இருந்தாலே சில மணி நேரத்தில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். சுட்டவர் கையில் ஒன்றுமே மிஞ்சாமல் போகலாம். துப்பாக்கியையே தொடாதவர் சட்டையில் ஒன்று ஒட்டியிருக்கலாம்.

பாரி ஜார்ஜின் கோட்டில் கிடைத்ததும் ஒன்றே ஒன்றுதான். அதுவும் கொலை நடந்து ஓராண்டுக்குப் பிறகு. ஆய்வகத்துக்குப் போகும் முன்பே, படம் எடுப்பதற்காக அந்தக் கோட்டை ஒரு பொம்மைக்கு மாட்டியிருந்தார்கள். அந்தப் படப்பிடிப்பு அறையில் வேறு வழக்குகளின் ஆயுதங்கள் இருந்திருக்கலாம் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. வேறெங்கிருந்தோ துகள் ஒட்டியிருக்க வாய்ப்பு குறைவு என்ற எண்ணமே ஜூரியின் மனதில் பதிந்தது. அது உண்மைதான், குறைவுதான். ஆனால் தராசின் மறுதட்டை அவர்களுக்கு யாரும் காட்டவில்லை.

மறுதட்டு இதுதான்: அவரே சுட்டிருந்தால், ஓராண்டுக்குப் பிறகு அந்தப் பையில் ஒரு துகள் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு? பிரிட்டனின் தடயவியல் சேவை நிறுவனம் பின்னாளில் கணக்கை மறுபடி போட்டது. சுட்டிருந்தாலும் நூற்றில் ஒன்று. சுடாமல் இருந்தாலும் நூற்றில் ஒன்று. இரண்டு தட்டிலும் சம எடை. அப்படியானால் அந்தத் துகள் எந்தப் பக்கமும் சாயவில்லை. அதற்குச் சாட்சிய மதிப்பே கிடையாது. இவ்வளவு எளிய கணக்கை முதல் விசாரணையிலேயே ஜூரியின் முன் வைத்திருக்க முடியும். அதைச் செய்யாததுதான் இந்த வழக்கின் பெரும் அநீதி என்பது என் உறுதியான எண்ணம். 2002-ல் முதல் மேல்முறையீடு தள்ளுபடியானபோதும் அந்தக் கேள்வி இந்த வடிவத்தில் எழவில்லை.

2007 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. அப்பாவித்தனமான வழிகளில் துகள் வந்திருக்க வாய்ப்பில்லை என்று கேட்ட ஜூரிக்கு, அது கொலைத் துப்பாக்கியிலிருந்து வந்திருப்பதும் அதே அளவுக்கு வாய்ப்பற்றது என்று சொல்லப்படவில்லை என்பதை நீதிபதிகள் கவனித்தார்கள். மறுவிசாரணையில் துகள் சாட்சியமாக வைக்கப்படவே இல்லை. 2008 ஆகஸ்ட் 1 அன்று ஜூரி அவரைக் குற்றவாளி அல்ல என்று விடுவித்தது.

இதற்கிடையே கடலுக்கு அப்பால், 2006-ல், அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் ஆய்வகத்தில் இந்தப் பரிசோதனையையே நிறுத்தியது. ஆய்வகத்துக்குள்ளேயே இத்துகள்கள் பரவிக் கிடந்தது தெரியவந்திருந்தது. இன்று கவனமான ஆய்வகங்கள் சந்தேக நபரின் கையைத் தொடும் முன், தங்கள் மேசையையும் கையுறையையும் ஒற்றியெடுத்துப் பார்க்கின்றன. கைது செய்யப்பட்டவரை ஏற்றிச் செல்லும் போலீஸ் வண்டியின் இருக்கையையும், விலங்கையும், கைது செய்த காவலரின் கையையும் அப்படியே பார்க்க வேண்டும். துப்பாக்கி ஏந்துகிற காவலரின் கையில் இத்துகள் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பாரி ஜார்ஜ் எட்டு ஆண்டுகளைச் சிறையில் கழித்தார். அதற்கு இழப்பீடு கேட்டார், அரசு மறுத்தது. 2013-ல் உயர் நீதிமன்றமும் கைவிரித்தது. ஜில் டாண்டோ கொலைக்கு அவருக்குப் பிறகு வேறு எவரும் தண்டிக்கப்படவில்லை.