பருத்திக்கு அடிக்கும் மருந்து மனிதனை எப்படித் தாக்குகிறது?

சங்கரன்கோவிலில் விஷம் என்றால் பாம்புதான் நினைவுக்கு வரும். கோமதி அம்மன் கோவிலுக்கு வருகிறவர்கள் புற்றுமண்ணை எடுத்துப் பூசிக் கொள்வார்கள். வெள்ளிப் பாம்பும் வெள்ளித் தேளும் காணிக்கையாக உண்டியலில் விழும்.

ஊரைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் இன்னொரு விஷமும் உண்டு. அதற்குப் பல் இல்லை. பருத்திச் செடிக்கு அடிக்கிறார்கள். அதற்குப் பெயர் "மருந்து"!

பூச்சி மருந்துகளில் "ஆர்கனோபாஸ்பேட்" என்று ஓர் இனம். பாரத்தியான், மோனோகுரோட்டோபாஸ் எல்லாம் இதைச் சேர்ந்தவை.

நரம்பைப் பிடிக்கிறது

கையை மடக்க வேண்டும் என்று மூளை நினைக்கிறது. உடனே நரம்பின் நுனியில் ஒரு ரசாயனப் பொருள் சுரந்து, தசையிடம் சேதி சொல்கிறது. சொன்ன மறு நொடியே அந்தப் பொருளை அழித்து விட உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. அழித்தால்தான் தசைக்கு ஓய்வு.

விஷம் அந்த நொதியைக் கட்டிப் போட்டு விடுகிறது. சேதி நிற்காமல் போய்க் கொண்டே இருக்கிறது. தசை துடிக்கிறது. வாயில் எச்சில் வடிகிறது. வேர்த்துக் கொட்டுகிறது. கண்ணின் பாவை ஊசி முனை போலச் சுருங்குகிறது. நெஞ்சில் நீர் கோத்து, மூச்சு அடைக்கிறது.

பூச்சி சாவதும் இதே வழியில்தான். பூச்சி எது, மனிதன் எது என்று விஷத்துக்குத் தெரியாது.

குடித்தால்தான் ஆபத்து என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி அல்ல. தோல் வழியாகவே உள்ளே போய் விடும். ஒழுகும் டேங்க், நனைந்த சட்டை, எதிர்க்காற்று, இவையே போதும்.

மாவில் கலந்த எமன்

1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்தில் 100 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்கள் மருந்து அடித்தவர்கள் அல்ல, பலகாரம் சாப்பிட்டவர்கள்! கோதுமை மாவு மூட்டைகளும் "பாலிடால்" என்ற பாரத்தியான் மருந்தும் ஒரே கப்பலில் வந்தன. மருந்து கசிந்து மாவில் இறங்கி விட்டது. விசாரணைக் கமிஷன் அமைந்தது. பூச்சி மருந்துச் சட்டம் வந்தது 1968-ல்தான். பத்து ஆண்டு! பாரத்தியானுக்குத் தடை அதற்கும் பிறகு.

டப்பாவைப் பாருங்கள்

மருந்து டப்பாவில் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப் பாதி சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள். பிறகு நீலம், பச்சை. எழுத்து தெரியாதவர்களும் நிறத்தைப் பார்த்துத் தெரிந்து கொள்ளலாம்.

காலி டப்பாவில் தண்ணீரோ எண்ணெயோ வைக்கக் கூடாது. மருந்து அடித்தவரின் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது.

மருந்து அடித்தவருக்குத் தலை சுற்றி, பார்வை மங்கினால் சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். கழுவுகிறவர் கையிலும் மருந்து படாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். டப்பாவின் லேபிளும் கூடவே போகட்டும். இன்ன மருந்து என்று தெரிந்தால், டாக்டர் தாமதிக்காமல் "அட்ரோபின்" ஊசி போடுவார்.